உணர்வைச் சோதிக்காமல் ஒத்தடம் வேண்டாம்

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவரிடம் "சூடு பொறுக்குதா?" என்று கேட்டுப் பயனில்லை. பொறுக்கிறது என்றுதான் சொல்வார். அதற்குள் தோல் வெந்துபோயிருக்கும். அதனால்தான் ஒத்தடமோ மின்சிகிச்சையோ தரும் முன் அந்த இடத்தின் உணர்வைச் சோதிக்க வேண்டும் என்பதை இயன்முறை மருத்துவத்தில் தொடக்கப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். சுடுநீர் ஒரு குழாயில், குளிர்ந்த நீர் இன்னொன்றில். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, தோலில் மாற்றி மாற்றி வைத்து எது எதுவென்று கேட்க வேண்டும். சில நிமிட வேலை. கூட்டம் நெருக்கும் மையங்களில் எளிதில் விடுபட்டுப் போவதும் இதுவே. இந்தச் சோதனையையும் அதன் முடிவை எழுதிவைப்பதையும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது சிறிய விஷயமல்ல. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இங்கே பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தோள்மூட்டு இறுகிப்போவது அவர்களிடம் அதிகம் என்பதால் பிசியோதெரபி மையத்துக்கு வருவோரிலும் அவர்கள் கணிசமாக இருப்பார்கள். பலர் கால் வலிக்கும் சேர்த்தே ஒத்தடம் கேட்பார்கள்.

சூட்டின் கணக்கை 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தெளிவாக்கினார்கள். 44 டிகிரி செல்சியஸ், கைக்கு இதமான சூடுதான். அதுவே ஆறு மணி நேரம் தொடர்ந்தால் தோல் புண்ணாகும். 60 டிகிரியில் சில விநாடிகள் போதும். மையங்களில் வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுக்கும் ஹாட் பேக் 70 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆறு முதல் எட்டு மடிப்புத் துண்டு சுற்றித்தான் அதை உடம்பில் வைக்க வேண்டும். நோயாளியை அதன்மேல் படுக்க வைத்தால் உடல் எடையில் துண்டு அமுங்கிச் சூடு கூடிவிடும். வீட்டில் ஹீட்டிங் பேடைப் போட்டபடியே தூங்கிவிடும் முதியவர்களின் நிலை இன்னும் மோசம்.

ஐஸ் தீங்கற்றது என்ற நம்பிக்கையும் தவறு. உருகும் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரியில் நிற்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பையோ அதற்கும் கீழே போகும். முழங்காலின் வெளிப்புறத்தில் தோலுக்கு அருகிலேயே நரம்பு ஓடுகிறது. அங்கே அளவுக்கு மீறி ஐஸ் வைத்து, பாதத்தைத் தூக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

'கரண்ட் வைப்பதில்' ஆபத்து வேறு வகையானது. ஒட்டும் பேட் காய்ந்தோ கிழிந்தோ இருந்தால் மின்னோட்டம் ஒரே புள்ளியில் குவிந்து சுடும். பேஸ்மேக்கர் உள்ளவர், கர்ப்பிணியின் வயிறு, கழுத்தின் முன்பக்கம், புற்றுநோய் உள்ள இடம் ஆகியவை விலக்கப்பட வேண்டியவை. மூளையில் மின்தூண்டி பொருத்தியவர்கள் உயர் அதிர்வெண் அலைகளால் உடலுக்குள் சூடேற்றும் டயாதெர்மி சிகிச்சைக்குப் பின் இறந்ததை அடுத்து, 2002-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை வெளியிட்டது. உடலுக்குள் என்ன கருவி இருக்கிறது என்ற ஒரு கேள்விக்கு உயிரின் விலை இருக்கிறது.

இவ்வளவு ஆபத்தைச் சுமந்து பெறும் பலன் எவ்வளவு? இடுப்புவலிக்கு டென்ஸ், ஐஎஃப்டி என்ற மின்சிகிச்சைகளையும் அல்ட்ராசவுண்டையும் தர வேண்டாம் என்றே பிரிட்டனின் சுகாதார அமைப்பான நைஸ் 2016-இல் வழிகாட்டியது. உடற்பயிற்சியைத்தான் அது முன்வைத்தது. இங்கேயோ கருவி வைக்காவிட்டால் சிகிச்சையே நடக்கவில்லை என்று நோயாளி நினைக்கிறார். மையமும் அந்த நினைப்புக்கு வளைகிறது. பயிற்சி சொல்லித்தருவதற்கான நேரத்தைக் கருவி விழுங்கிவிடுகிறது.

ஒருவரே பல படுக்கைகளைப் பார்க்கும் இடத்தில் சோதனைக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். அந்த நெருக்கடி உண்மை. ஆனால் மரத்துப்போன பாதத்தில் ஏற்படும் தீப்புண் ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம், சில சமயம் விரலையே இழக்க நேரிடும். படுக்கைகளைக் குறைப்பதே இதற்குச் சரியான தீர்வு. சோதனையைக் குறைப்பது அல்ல.

பிசியோதெரபி உள்ளிட்ட துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. அதன்கீழ் அமையும் மாநில கவுன்சில் உணர்வுச் சோதனையைக் கட்டாயமாக்கும் விதியை முதல் வேலையாக எடுக்கட்டும். ஆன்லைனில் விற்கும் டென்ஸ் கருவிகளின் பெட்டியில் எச்சரிக்கை தமிழில் அச்சாக வேண்டும். கவுன்சிலின் விதி வரும்வரை அரசு காத்திருக்கத் தேவையில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி தருகிறார்கள்; அந்தப் பதிவேட்டில் உணர்வுச் சோதனைக்கென ஒரு கட்டத்தை இந்த மாதமே சேர்க்கலாம்.