தோட்டத்தைப் பூட்டும் வேளையில்

ஒக்டோபர் மாதம் முடியும் தறுவாயில் இருக்கின்றது. யேர்மனியின் ரூர் பகுதியில் முதல் உறைபனி இனி எந்த இரவிலும் விழலாம். சிறு தோட்டங்களைக் குத்தகைக்குப் பெற்றிருக்கும் எம்மவர் பலரும் இந்த வாரங்களில் ஒரே வேலையையே செய்கின்றார்கள். பயிற்றங்கொடியை அறுத்து, தக்காளித் தடிகளைப் பிடுங்கி, கடைசிப் பூசணிக்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து, படலையைப் பூட்டுகின்றார்கள். அந்தப் படலையைப் பூட்டும் விதம் பற்றியே சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றேன். இது சிறிய விடயம்தானே என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அவ்வளவு சிறியதன்று.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டச் சங்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் தன் நிலத்தை இழந்தது. கோடையில் அவர்களுடைய பாத்திகளைப் போல் காய்த்த பாத்திகள் வேறு இல்லை. ஆனால் பருவம் முடிந்ததும் பறிக்க வேண்டியதைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். கறுத்த தண்டுகளும் பிளாஸ்திக் கயிறுகளும் பங்குனி வரை அப்படியே கிடக்கும். நிர்வாகம் இரண்டு கடிதங்கள் அனுப்பியது. மூன்றாவது கடிதத்தில் குத்தகை முடிந்தது. இதனை நிறவெறி என்றார்கள் சிலர். இந்நாட்டில் நிறவெறி இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் அந்தக் கடிதத்துக்கு அது காரணமன்று. காரணத்தை அந்தப் பெரியவரே என்னிடம் சொன்னார்: "தம்பி, இது எங்கடை காணியே? அடுத்த வருசம் ஆர் இருப்பினம், ஆர் போவினம் எண்டு ஆருக்குத் தெரியும்?" முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கு வாழ்பவர் அவர்.

அவரைக் குறை கூற எனக்கு உரிமை இல்லை. 2011ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அயல்தோட்டத்து முதியவர் ஒருவர் என் கையில் ஒரு பிடி உள்ளி கொடுத்து, உடனே நடும்படி கூறினார். உள்ளியை ஒக்டோபரில் நட்டால் யூலையில் கிண்டலாம். இடையில் குளிரை அனுபவித்தால்தான் கிழங்கு பற்களாகப் பிரியும். நான் மனதுள் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். நட்டுக் கிண்டுவதற்கு ஒன்பது மாதங்கள். என் வதிவிட அனுமதியோ ஆறு மாதங்களுக்கு மட்டுமே. அந்த உள்ளியை நான் நடவில்லை. வீட்டில் இரசத்துக்குப் போட்டோம். மறு ஆண்டு யூலையில் அவர் தனது உள்ளியைக் கிண்டிக் காயவைத்தபோதுதான் தன் கதையைச் சொன்னார். 1946இல், ஆறு வயதில், சிலேசியாவிலிருந்து தாயுடன் துரத்தப்பட்டு வந்தவர் அவர். முதல் இரண்டு குளிர்காலங்களும் இதே போன்றதொரு தோட்டக் குடிலிலேயே கழிந்தனவாம்.

இத்தோட்டங்களின் வரலாற்றில் அகதிகளுக்கும் இடமுண்டு. 1864இல் லைப்சிக் நகரில் பாடசாலை அதிபர் ஒருவர் தொடங்கிய சங்கத்தின் நோக்கம் சிறுவர் விளையாட்டுத் திடலே. திடலின் ஓரத்தில் சிறுவர்க்கென வெட்டப்பட்ட பாத்திகள் காலப்போக்கில் பெற்றோரின் கைக்கு மாறின. 1945க்குப் பின்னர் குண்டுவீச்சில் வீடிழந்தோரும் கிழக்கிலிருந்து துரத்தப்பட்டோரும் தோட்டக் குடில்களில் குடியிருந்தனர். ஒரு தோட்டம் 400 சதுர மீற்றருக்கு மேற்படலாகாது என வரையறுக்கும் இன்றைய சட்டம் 1983இல் வந்தது. எம்மவர் கூட்டங்கூட்டமாக வெளியேறத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இனி, செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். பயிற்றை, அவரை இனங்களை வேரோடு பிடுங்காதீர்கள். நிலமட்டத்தில் வெட்டி வேரை மண்ணிலேயே விடுங்கள். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து வைக்கும் முடிச்சுகள் அவ்வேர்களிலேயே உள்ளன. கருகல் நோய் கண்ட தக்காளியை எருக்குவியலில் இடாது கழிவுத் தொட்டிக்கு அனுப்புங்கள். தவறவிட்ட உருளைக்கிழங்குகளையும் தேடி எடுங்கள். 1845இல் அயர்லாந்தில் பஞ்சத்தை மூட்டி, ஏறத்தாழ பத்து இலட்சம் உயிர்களைப் பலிகொண்ட அதே நோய், உயிருள்ள கிழங்கினுள் குளிர்காலத்தைக் கடத்தக்கூடியது. வெறும் மண்ணைக் குளிர்கால மழைக்கு விட்டால் நைத்திரேற்று கழுவுண்டு போகும். ஆகவே 'றொக்கன்' தானியத்தை விதையுங்கள், அல்லது உதிர்ந்த இலைகளால் மூடுங்கள். மிளகாய்ச் செடி பல்லாண்டு வாழக்கூடியது. அதனைக் கத்தரித்துச் சட்டியில் வைத்து, உறைபனி படாத வெளிச்சமான இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். முற்றிப் பழுத்த பாகற்காயின் விதையைக் கழுவி உலர்த்தி, ஆண்டை எழுதி வையுங்கள்.

"அந்நிய மண்ணுக்கு இவ்வளவு ஏன்?" என்று கேட்பவர்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகின்றேன். வலிகாமத்துச் செம்மண் எமக்கு வளத்தோடு கிடைத்ததா? சுண்ணக்கல்லின் மேல் படிந்த அம்மண்ணில் பூவரசங் குழையையும் பனையோலையையும் புதைத்து, ஆட்டுப்பட்டி அடைத்து, தலைமுறை தலைமுறையாக வளத்தை ஏற்றியவர்கள் எம் முன்னோர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர், இராணுவத்தின் பிடியிலிருந்து விடுபட்ட காணிகளுக்குப் பல ஆண்டுகளின் பின்னர் திரும்பியபோது கண்டது பற்றைக்காட்டையே. பராமரிப்பில்லாத நிலம் என்னவாகும் என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்? நிலத்தைப் பேணும் அந்தப் பழக்கத்தை இங்கே கைவிடுவது ஊர்ப்பற்றாகாது. இங்கே கைவிட்டதை, நாளை ஊர் திரும்பினும் எம் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்கப் போகின்றோம்?

ஊர் திரும்பும் ஆசையைக் கைவிடுங்கள் என்று நான் கூறவில்லை. என்னிடமும் அது இருக்கின்றது. ஆனால் அதனைக் காரணம் காட்டி ஒவ்வொரு ஆண்டையும் தற்காலிகமாகவே வாழ்ந்து முடித்தோம். பாத்தியைத் துப்புரவு செய்து மூடிவிட்டுப் போவதால் பயணம் எதுவும் தடைப்படப் போவதில்லை. நாம் போய்விட்டால் அடுத்து வருபவருக்கு அது உதவும். அவரும் எங்கிருந்தோ துரத்தப்பட்டவராக இருக்கலாம்.

கடந்த சனிக்கிழமை நானும் மகளும் நாற்பது உள்ளிப் பற்களை நட்டோம். எப்போது கிண்டலாம் என்று கேட்டாள். யூலையில் என்றேன்.