படித்தது கணக்கில் வர வேண்டும்!



அமெரிக்காவில் நம்ம வயசுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே கல்லூரிப் பாடத்தைப் படித்துத் தேறலாம். அப்புறம் கல்லூரியில் சேரும்போது, "இந்தப் பாடத்தில் நீ ஏற்கெனவே தேறிட்ட, மறுபடி படிக்க வேண்டாம்" என்று கல்லூரியே அதைக் கழித்துக்கொள்ளும். இதை ஒருநாள் மதிய இடைவேளையில் வகுப்பில் சொன்னேன். மூணு விதமாகப் பதில் வந்தது.

"இருக்கிற பாடமே முடியல, இதுல காலேஜ் பாடம் வேறயா?" என்றாள் ஒருத்தி.
"அதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைங்களுக்கு" என்றாள் இன்னொருத்தி.
"நமக்கும் வந்தா நல்லா இருக்கும்டி" என்றாள் மூணாவது ஒருத்தி.

மூணு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாடத்தை ஒழுங்காக ஒரு முறை படித்தால் போதும், அதைக் கல்லூரி மதிக்க வேண்டும். ஆனால் அந்த வாய்ப்பு பள்ளிக்குள்ளேயே, ஆசிரியரோடு, செலவில்லாமல் வர வேண்டும். காசு கொடுத்து வாங்குகிற சரக்காக வந்தால் வேண்டவே வேண்டாம்!

அது என்ன ஏற்பாடு?

அமெரிக்கக் கல்லூரிகளில் வருஷத்தைவிட 'கிரெடிட்' தான் கணக்கு. ஒரு பாடத்துக்கு மூணு அல்லது நாலு கிரெடிட். பட்டம் வாங்கப் பெரும்பாலும் 120 கிரெடிட் சேர்க்க வேண்டும். கல்லூரிக் கட்டணம் அங்கே மிக அதிகம் என்பதால் ஒரு பாடம் குறைந்தாலும் நல்ல பணம் மிச்சம்.

பள்ளியிலேயே கிரெடிட் சேர்க்க அங்கே முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்', சுருக்கமாக ஏ.பி. 'காலேஜ் போர்டு' என்ற அமைப்பு இதை நடத்துகிறது. கால்குலஸ், இயற்பியல், உயிரியல், வரலாறு, பொருளியல், கணினி, ஓவியம், இசை என்று ஏறக்குறைய 40 பாடங்கள் உண்டு. பள்ளி ஆசிரியரே வருஷம் முழுக்கப் பாடம் நடத்துவார். மே மாதம் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு. 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 எடுத்தால் தேறியதாகச் சொல்லலாம். 5 எடுத்தால் கொண்டாட்டம்!

"இருக்கிற பாடமே முடியல" என்ற தோழிக்கு இங்கே ஒரு பதில். இது கூடுதல் சுமை இல்லை. சாதாரண வரலாற்றுப் பாடத்துக்குப் பதிலாக ஏ.பி. வரலாற்றை எடுக்கிறார்கள். அது பள்ளிக் கணக்கிலும் சேரும். விருப்பம் உள்ளவர்கள் மட்டும் எடுக்கலாம்.

இரண்டாவது வழி, பள்ளியில் இருந்துகொண்டே பக்கத்துக் கல்லூரியின் பாடத்தை நேரடியாகப் படிப்பது. மினசோட்டா மாநிலம் 1985இல் இதற்குச் சட்டம் போட்டது. கட்டணம், புத்தகம் எல்லாம் அரசுச் செலவு. வாஷிங்டன் மாநிலத்தில் 1990இல் இதே மாதிரி 'ரன்னிங் ஸ்டார்ட்' வந்தது. இதில் ஒரே நாள் தேர்வை நம்பி இருக்க வேண்டாம், வருஷம் முழுக்கப் படித்ததே கணக்கு. ஆனால் சரியாகப் படிக்காவிட்டால் அந்தக் குறைந்த மதிப்பெண்ணும் கல்லூரிக் கணக்கில் நிற்கும். பூவும் உண்டு, முள்ளும் உண்டு.

பணக்காரர்கள் வேலையா?

"பணக்கார வீட்டுப் பிள்ளைங்களுக்கு" என்ற தோழி சொன்னது, இது தொடங்கின கதையைப் பார்த்தால் உண்மைதான். 1950களின் தொடக்கத்தில் ஆண்டோவர், எக்சிடர், லாரன்ஸ்வில் என்ற மூன்று வசதியான பள்ளிகளும், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்ற மூன்று பெரிய பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைகள் கல்லூரியில் போய் அதே பாடத்தைத் திரும்பப் படித்துச் சலித்துப் போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ஏ.பி. 1955இல் காலேஜ் போர்டு பொறுப்பு எடுத்தது. 1956 மே மாதம் முதல் தேர்வு நடந்தது.

ஆனால் கதை அங்கேயே நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் கார்ஃபீல்டு என்று ஓர் அரசுப் பள்ளி. பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த கூலி வேலைக் குடும்பத்துப் பிள்ளைகள். அங்கே 1974இல் ஹைமே எஸ்கலான்டே என்ற ஆசிரியர் சேர்ந்தார். அவர் பொலிவியா நாட்டுக்காரர். இந்தப் பிள்ளைகளுக்குக் கால்குலஸ் வராது என்று மற்றவர்கள் சொன்னபோது, வரும் என்றார். ஆரம்பத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மாணவர்கள். காலையிலும் மாலையிலும் விடுமுறையிலும் சொல்லிக்கொடுத்தார்.

1982இல் 18 பேர் ஏ.பி. கால்குலஸ் எழுதினார்கள். 18 பேரும் தேறினார்கள்! உடனே தேர்வு நடத்தினவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 14 பேர் விடைத்தாள் ஒரே மாதிரி இருக்கிறது, காப்பி அடித்திருக்கலாம் என்றார்கள். அந்த 14 பேரில் 12 பேர் மறுபடியும் தேர்வு எழுதினார்கள். 12 பேரும் மறுபடியும் தேறினார்கள்! 1988இல் இது திரைப்படமாகவும் வந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த வெற்றி மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் நடந்ததும்தான். 1987இல் அதே பள்ளியில் 70க்கும் மேற்பட்டவர்கள் கால்குலஸ் தேறினார்கள். 1991இல் எஸ்கலான்டே அந்தப் பள்ளியை விட்டுப் போனார். அடுத்த சில வருஷத்தில் தேறினவர்கள் எண்ணிக்கை மளமளவென்று குறைந்துவிட்டது. பாடத்திட்டம் அதேதான், தேர்வும் அதேதான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை! ஏ.பி. என்ற பெயர்ப்பலகையை மாட்டினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1999இல் கலிபோர்னியாவின் இங்கிள்வுட் பகுதி மாணவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். வசதியான ஊர்ப் பள்ளியில் ஏ.பி. பாடங்கள் நிறைய இருக்கின்றன, எங்கள் பள்ளியில் பேருக்குத்தான் இருக்கிறது, இதனால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதிலும் நாங்கள் பின்தங்குகிறோம் என்பது அவர்கள் வாதம். நம்மைப் போல யூனிஃபார்ம் வயசில் இருந்தவர்கள், "எங்களுக்கும் கஷ்டமான பாடம் வேண்டும்" என்று கேஸ் போட்டிருக்கிறார்கள்! பாடம் குறையட்டும் என்று வேண்டிக்கொள்கிற நாம் கொஞ்சம் யோசிக்கணும்.

அங்கேயும் ஓட்டை உண்டு

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நான் எழுத வரவில்லை. ஒரு ஏ.பி. தேர்வு எழுத 2025இல் 99 டாலர் கட்டணம். நம்ம பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். ஏழை மாணவருக்குச் சலுகை உண்டு, என்றாலும் எல்லா இடத்திலும் முழுதாக இலவசம் இல்லை.

அடுத்து, அவ்வளவு படித்தாலும் கிரெடிட் கிடைக்குமா என்பது கல்லூரியின் கையில். ஒரு கல்லூரி 3 போதும் என்கிறது, இன்னொன்று 5 கேட்கிறது. கால்டெக் ஏ.பி.க்குக் கிரெடிட்டே தருவதில்லை. டார்ட்மத் கல்லூரி 2014இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நிறுத்திவிட்டது. பள்ளியில் படித்தது கல்லூரிப் பாடத்துக்கு ஈடாகாது என்பது அவர்கள் எண்ணம். அதனால்தான் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில், 3 வாங்கினால் அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தர வேண்டும் என்பது மாதிரியான பொது விதிகள் இருக்கின்றன. விதி எழுத்தில் இருந்தால்தான் சாதாரணப் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை! பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த அண்ணன்கள் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்கிறார்களே, அது என்ன? பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்கிறார்களே, அது என்ன? "நீ படித்து வந்தது வீண் இல்லை, ஒரு வருஷம் கழித்துக்கொள்" என்பதுதானே! அந்த நியாயம் கலை, அறிவியல் கல்லூரி போகிறவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

என் அக்கா இங்கே வணிகவியல் குரூப் படித்துவிட்டு பி.காம். சேர்ந்தாள். முதல் செமஸ்டரில் கணக்குப்பதிவியல் மறுபடியும் முதலிலிருந்து. இரட்டைப் பதிவு முறை, பேரேடு, இருப்பாய்வு. அறிவியல் குரூப்பிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அது தேவைதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வருஷம் அதையே படித்துப் பொதுத்தேர்வில் நல்ல மார்க் வாங்கின என் அக்கா, காலை ஏழு மணிக்கு டவுன் பஸ் பிடித்துப் போய் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அந்த நேரத்துக்கு வேற ஒரு பேப்பர் கொடுத்திருந்தா டேலியாவது கத்துக்கிட்டிருப்பேன்" என்று இன்றைக்கும் சொல்கிறாள். அப்பா கட்டட வேலைக்குப் போகிற வீட்டில், படிப்பில் மிச்சமாகிற ஆறு மாசம் என்பது ஆறு மாசச் சம்பளம். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமா? உங்கள் வீட்டிலும் விசாரித்துப் பாருங்கள்.

நம் நாட்டிலும் காற்று மாறிக்கொண்டு இருக்கிறது. மாணவர்களின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்க 2021இல் 'கிரெடிட் வங்கி' தொடங்கினார்கள். 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, பள்ளிப் படிப்பையும் கிரெடிட்டாகக் கணக்கிடலாம் என்கிறது. ஒரு வருஷப் படிப்புக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட் என்று அதில் கணக்கு. பள்ளியில் படித்தது கல்லூரிக் கணக்கில் சேரும் வழி நாளைக்கு இங்கேயும் வரலாம். வருவதற்கு முன்னாலேயே நாம் பேசிவிடுவது நல்லது.

பயம் ஒன்று இருக்கிறது

ஒன்றுக்கு மார்க் உண்டு என்றால் எல்லோரும் அதன் பின்னால் மட்டும் ஓடுவது நமக்குப் பழக்கம். பதினோராம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின பள்ளிகள் இருந்தது ஊரறிந்த விஷயம். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். நாளைக்குக் கிரெடிட் என்று ஒன்று வந்தால், அதற்கும் ஒரு கோச்சிங் சென்டர் முளைக்கும், அதற்கும் ஒரு கட்டணம் வரும். காசு உள்ளவர் முந்துவார், நாம் பழையபடி வேடிக்கை பார்ப்போம்.

அதனால் வந்தால் இப்படி வரட்டும் என்று கேட்கிறேன்:

1. அரசுப் பள்ளியில் முதலில் வரட்டும். தேர்வுக் கட்டணம் இருக்கக் கூடாது.

2. அதை நடத்தும் ஆசிரியருக்கு வேறு வகுப்பைக் குறைத்து நேரம் கொடுக்கட்டும். நம்ம ஆசிரியர்கள் தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று ஓடுவதை நாம் பார்க்கிறோம். அதோடு இதையும் தலையில் வைத்தால் யாருக்கும் பயன் இல்லை.

3. தேறினால் எந்தக் கல்லூரியில் என்ன கழியும் என்பது மாநிலம் முழுக்க ஒரே விதியாக எழுத்தில் இருக்கட்டும்.

4. விருப்பப் பாடமாக இருக்கட்டும். தேறாவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைத் தொடக் கூடாது.

5. கணக்கும் அறிவியலும் மட்டும் போதாது. கணக்குப்பதிவியல், வரலாறு, ஓவியம், முக்கியமாகத் தமிழ் இலக்கியம் இருக்க வேண்டும். ஏ.பி. மொழிப்பாடங்களில் சீன மொழி, ஜப்பான் மொழி, லத்தீன்கூட உண்டு, தமிழ் இல்லை. நம் ஊர் ஏற்பாட்டில் தமிழே முதல் பாடமாக இருக்கட்டுமே!

"அவசரம் எதுக்கு, படிப்பு என்ன ஓட்டப்பந்தயமா?" என்று பெரியவர்கள் கேட்பது எனக்கும் புரிகிறது. சீக்கிரம் முடிப்பதற்காக மட்டும் இதை நான் கேட்கவில்லை. மிச்சமாகும் நேரத்தில் இன்னொரு பாடத்தைப் படிக்கலாம், ஒரு தொழில் கற்றுக்கொள்ளலாம், வீட்டுக்கு உதவலாம். எதற்கு என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

"நமக்கும் வந்தா நல்லா இருக்கும்டி" என்ற மூணாவது தோழிக்குச் சொல்கிறேன்: வரும். ஆனால் யாருக்கு வரும் என்பதுதான் கேள்வி. கார்ஃபீல்டு பள்ளியில் வந்தது மாதிரி நமக்கு வரட்டும். அதற்கு ஒரு நல்ல வாத்தியாரும், திறந்திருக்கும் ஒரு வகுப்பறையும், "இந்தப் பிள்ளைங்களுக்கு வரும்" என்ற நம்பிக்கையும் வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் நம் பள்ளியில் இருக்கின்றன என்று நான் நம்புகிறேன். ஆசிரியர்களே, சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்த வகுப்பறையைத் திறந்து வைப்பீர்களா?

இதை மறுத்து எழுத விரும்பும் தோழிகள் ஒரு முழுத்தாளில் எழுதி ஆசிரியர் குழுவிடம் கொடுங்கள். அடுத்த இதழில் பக்கத்திலேயே ஒட்டலாம். வாதம் பண்ணுவோம், வளருவோம்!

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, வணிகவியல் பிரிவு