சாக்கடைச் சட்டம் யாருக்கு?

சிலிபினில் வசிக்கும் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணியார் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டிற்கு மூன்றாவது வீட்டில் ஓர் அம்மையார் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்க்கப்பட்டு, லயமும் இடிக்கப்பட்ட பின்னர் மகனுடன் ஈப்போவுக்கு வந்து, வீட்டு முன்புறத்தில் தோசையும் வடையும் போட்டு விற்றுக் காலம் தள்ளுகிறார். அவருக்கு இப்போது ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. பொரித்த எண்ணெயையும் பாத்திரம் கழுவிய நீரையும் வாசல் கால்வாயில் விடுகிறார் என்பது குற்றச்சாட்டு. இரண்டு வாரத்திற்குள் எண்ணெய்ப் பொறி வைக்காவிட்டால் மேல் நடவடிக்கை என்றும் கண்டிருக்கிறதாம். நோட்டீஸ் மலாய் மொழியில் இருந்ததால், கிராணியார் படித்துச் சொல்லும் வரை அது என்ன கடிதம் என்றே அந்த அம்மையாருக்குத் தெரியவில்லை.

கிராணியாரின் கேள்வி இதுதான்: "அதே சந்தின் மேல் முனையில் ஒரு வாகனப் பட்டறை இருக்கிறது. அங்கிருந்து கருப்பு எண்ணெய் வருஷக் கணக்காக அதே கால்வாயில் வழிகிறது. அதற்கு ஏன் நோட்டீஸ் இல்லை? சட்டம் தோசைக்கல்லுக்கு மட்டும்தானா?"

நியாயமான கேள்வி. ஆயினும், அம்மையார் செய்தது சரி என்று நாம் எழுத மாட்டோம். அப்படி எழுதினால் அவருக்கு நாம் செய்யும் உதவி ஒன்றுமில்லை. அவர் செய்தது தவறு. அந்தத் தவறு என்னவென்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லித் தராதது அதைவிடப் பெரிய தவறு. பட்டறையை விட்டுவிட்டது மூன்றாவது தவறு. மூன்றையும் பேசுவோம்.

நம் நாட்டில் வீட்டு நீர் போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் நாம் 'சாக்கடை' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம். ஒன்று, மண்ணுக்கடியில் போகும் கழிவுக் குழாய். கக்கூசு நீரைக் கொண்டுபோய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ப்பது அதன் வேலை. மற்றது திறந்த கால்வாய். நம் பிள்ளைகள் லோங்காங் என்பார்களே, அதுதான். அது மழை நீருக்காகக் கட்டப்பட்டது. அதன் முடிவில் எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் இல்லை. அதில் எதைக் கொட்டினாலும் அப்படியே ஆற்றுக்குப் போகும். செப்டிக் தொட்டி வைத்த பழைய வீடுகளிலே கக்கூசு நீர் மட்டும் தொட்டிக்குப் போக, சமையலறை நீரும் குளித்த நீரும் கால்வாயில்தான் இறங்குகின்றன. வீட்டை அப்படித்தான் கட்டிக் கொடுத்தார்கள். ஆகவே அந்த அம்மையார் குடிவந்த நாள் முதல் கண்ட வழக்கத்தைத்தான் செய்துவந்தார். ஒரு குடும்பத்தின் பாத்திரம் கழுவும் நீரை ஆறு ஒருவாறு தாங்கிக்கொள்ளும். நாள்தோறும் நூறு பேருக்குப் பொரிக்கும் கடையின் எண்ணெயைத் தாங்காது. வீடு கடையாகும்போது சட்டம் குறுக்கே வருவது இதனால்தான்.

சிலிபின் கால்வாய்களின் நீர் பாரி ஆற்றுக்குப் போகிறது. பாரி ஆறு புந்தோங் பக்கமாக ஓடிக் கிந்தா ஆற்றில் கலக்கிறது. கிந்தா பத்து காஜாவைக் கடந்து பேராக் ஆற்றோடு சேர்ந்து, தெலுக் இந்தான் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஈப்போ மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பங்கு உலு கிந்தா மலைப்பக்கத்திலிருந்து வருகிறது. குடிப்பது மேலே, கொட்டுவது கீழே. நம் அழுக்கு நம் குழாயில் திரும்பி வராததால் அது எங்கோ தொலைந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். கீழே மீன் பிடிப்பவனுக்கும் காய்கறி பயிரிடுபவனுக்கும் அது போய்ச் சேருகிறது. இந்தக் கிந்தா ஆறு முன்னொரு காலத்தில் ஈயச் சுரங்கங்களின் சேற்றைச் சுமந்து சுமந்து படுகை மேடாகி, ஊருக்குள் வெள்ளம் புகக் காரணமாயிருந்த ஆறு என்பதைப் பழையவர்கள் அறிவார்கள்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, ஓடையிலோ கரையிலோ பொதுக் கால்வாயிலோ அசுத்தத்தைப் போடுவதைக் குற்றமாக்குகிறது. அபராதம் 2,000 வெள்ளி வரை, சிறை ஓராண்டு வரை, அல்லது இரண்டும். அதற்கு அடுத்த பிரிவு தொழில் கழிவுகளால் ஓடையைக் கெடுப்பதைப் பற்றியது. அதாவது பட்டறைக்கும் சட்டம் இருக்கிறது. தனியாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பக்கத்திலேயே இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் கால்வாய்களின் பராமரிப்பை ஊராட்சி மன்றத்தின் பொறுப்பில் வைக்கிறது. கழிவுக் குழாய்களும் செப்டிக் தொட்டிகளும் 2006-ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1993-க்கு முன்னர் இந்தக் கழிவுநீர் வேலையும் ஊராட்சி மன்றங்களிடமே இருந்தது. பிறகு இண்டா வாட்டர் நிறுவனத்திற்குப் போயிற்று. ஆதலால் கால்வாய் நாறினால் ஒரு கதவு, கழிவுக் குழாய் பொங்கினால் இன்னொரு கதவு. கதவு மாறித் தட்டிவிட்டு, "எங்கள் வேலை இல்லை" என்ற பதிலோடு திரும்பி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

கழிவுக் குழாய்க்கு எதிராக நாம் செய்யும் தவறும் உண்டு. கூரை மழைநீரைக் கழிவுக் குழாயின் மூடியைத் திறந்து அதற்குள் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். முற்றம் காய்ந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்தக் குழாய் மழைக்காக அளந்து போடப்பட்டதல்ல. ஈப்போவின் மாலை மழை ஒரு மணி நேரம் அடித்தால் அது நிரம்பி, தாழ்வான வீட்டுக் கக்கூசு வழியாகத் திரும்பி வரும். அங்கே குடியிருப்பவரும் நம்மைப் போன்ற ஒரு பாட்டாளிதான். மழைநீர் கால்வாய்க்கு, கழிவு குழாய்க்கு: இதை மட்டும் நம் மக்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

நிற்க. இந்த விதிகளெல்லாம் ஏழையைப் பிடிக்கவே செய்யப்பட்டவை என்று சலித்துக்கொள்வோருக்கு நம் தொழிலிலிருந்தே ஒரு சான்று காட்டுவோம். பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் நீர். ஆசிட் ஊற்றி உறைய வைத்துக் கட்டியை எடுத்த பின், மிஞ்சும் வெளுத்த நீரில் பாலின் புரதமும் சர்க்கரையும் கரைந்து கிடக்கின்றன. அது ஓடையில் விழுந்தால் நுண்கிருமிகள் அதைத் தின்று பெருகி, நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மீன் மூச்சுமுட்டிச் செத்து மிதக்கும். அம்மோனியா சேர்த்துப் பாலைச் செறிவாக்கும் ஆலைகளில் கந்தக அமிலமும் புழங்குவதால், தேங்கிய நீர் அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆலைக்குப் பின்னால் இருந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த நாற்றத்தைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த நாளில் துரையிடம் முறையிட்டால், ரப்பர் என்றால் நாறத்தான் செய்யும் என்பது பதிலாக இருந்தது.

நாறத்தான் வேண்டும் என்பதில்லை என்று பிறகு தெரிந்தது. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகள் வந்தன. லைசென்ஸ் இல்லாமல் ஆலை நடத்த முடியாது. வெளிவிடும் நீரைச் சோதித்துக் கணக்குக் காட்ட வேண்டும். அழுக்கின் அளவுக்கு ஏற்பக் கட்டணமும் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அளவு இறுக்கப்படும் என்றார்கள். முதலாளிமார் உடனே குளங்கள் வெட்டினார்கள். காற்றுப் படாத ஆழமான குளம் முதலில், வெயிலும் காற்றும் படும் அகன்ற குளம் அடுத்தது. கழிவுநீர் அவற்றில் நாட்கணக்கில் தங்கித் தெளிந்த பிறகே ஓடைக்குப் போயிற்று. செம்பனை உற்பத்தி பெருகிய அதே ஆண்டுகளில் ஆறுகளுக்குப் போன அழுக்கு குறைந்தது. விதி கடுமையாக இருந்து, அது பெரியவன் மேல் முதலில் பாய்ந்தபோது நடந்த காரியம் இது. தொழில் அழிந்துவிடும் என்று அன்று கூக்குரலிட்டார்கள். அழிந்ததா?

லயத்துக் கால்வாயையும் மறக்கக் கூடாது. தோட்டங்களின் ஆரம்ப காலத்தில் நம் முன்னோர் காய்ச்சலிலும் கொக்கிப் புழுவிலும் மாண்டதற்குக் கால்வாயும் கக்கூசும் சரியில்லாததே பெருங்காரணம். வெறுங்காலோடு மரத்தடியில் நடந்தவர் பாதத்தில் புழு ஏறியது. 1915 முதல் 1917 வரை இதை ஆராயவே அமெரிக்காவின் ராக்பெல்லர் அமைப்பு அனுப்பிய மருத்துவக் குழு மலாயாவுக்கு வந்தது. நோய் பரவும் வழி தெரிந்த பிறகும் லயங்களுக்கு ஒழுங்கான கக்கூசு வருவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இன்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், தொழிலாளர் வீடுகளுக்கு இலவசமாகக் குழாய் நீர் கொடுக்கவும் வீடுகளை நல்ல நிலையில் வைக்கவும் முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. வீடுகளை வாரம் ஒரு முறை பார்வையிடவும் வேண்டும். தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால் ஊராட்சி மன்றத்தின் கை வெகுகாலம் தோட்டத்துக் கம்பிவேலியோடு நின்றுவிட்டது. வேலிக்கு உள்ளே பொறுப்பு முதலாளியுடையது. பங்களாதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து இன்று அதே லயங்களில் தங்கி மரம் வெட்டுகிறார்களே, அவர்களுக்கும் இதே சட்டம்தான். செப்டிக் தொட்டி நிரம்பி வழிந்தால், 'யார் வெட்டிய குழி' என்று கேட்காமல் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அதன் நகல் ஒன்று சங்கத்துக்கு வரட்டும்.

ஆலையிலும் ஸ்டோரிலும் வேலை செய்யும் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மிஞ்சிய அம்மோனியாவையோ டீசலையோ கால்வாயில் ஊற்று என்று மேலே இருப்பவர் சொன்னால், ஊற்றிய கை உங்களுடையதாக இருக்கும். சுற்றுச்சூழல் சட்டம் கம்பெனியின் குற்றத்திற்கு அதன் இயக்குநரையும் மேலாளரையும் பொறுப்பாக்குகிறது. ஊழியன் வேலையின்போது செய்ததற்கு முதலாளியும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஊழியன் தானாகத் தப்பிவிடுவான் என்று இதற்கு அர்த்தமில்லை. 2024-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, சில குற்றங்களுக்கு அபராதம் ஒரு கோடி வெள்ளி வரை உயர்ந்திருக்கிறது. ஆகையால் யார் சொன்னார், எந்த நாள், எந்த நேரம் என்பதைக் கிராணிமார்கள் குறித்து வைக்க வேண்டும். காலியான படிவத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

சின்னக் கால்வாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறிச் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் கோங் ஆற்றில் கலந்த கழிவு சிலாங்கூர் ஆற்றை எட்டியதால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்குக் குழாய் நீர் இல்லாமற் போயிற்று. வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் நின்றவர்கள் யார் என்று சொல்ல வேண்டுமா?

நாம் கேட்பது இவ்வளவே. சிலிபின், புந்தோங் போன்ற பகுதிகளில் நோட்டீஸ் கொடுக்கும்போது தமிழிலும் கொடுக்கட்டும். அபராதப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு முறையாவது வந்து விளக்கட்டும். கால்வாயைப் பார்வையிட வருபவர்கள் சந்தின் கீழ் முனையோடு திரும்பாமல் மேல் முனை வரை நடக்கட்டும். கால்வாயில் இறங்கித் தூர் வாரும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு முழங்கால் பூட்சும் கையுறையும் கொடுக்கட்டும். எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சல் உயிரைக் குடிப்பது. ஒரு காலத்தில் இந்த நாட்டு நகரங்களின் கால்வாய்களைக் கூட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்களே என்பதால், இந்தக் கோரிக்கையை நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

அம்மையாருக்கு வேண்டிய எண்ணெய்ப் பொறி பெரிய யந்திரமல்ல. உள்ளே தடுப்பு வைத்த ஒரு பெட்டி. நீர் அதில் சற்றுத் தங்கும்போது கொழுப்பு மேலே மிதக்கும், நீர் அடிவழியாகப் போகும். மிதப்பதை வாரிக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும். வாரத் தவறினால் பொறி இருந்தும் பயனில்லை. பொரித்து மிஞ்சும் எண்ணெயைக் கிலோ கணக்கில் விலைக்கு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கால்வாயில் ஊற்றுவது காசை ஊற்றுவதுதான் என்று கிராணியார் அவரிடம் சொல்லிவிட்டாராம். அம்மையார் அன்றே ஒரு டின்னில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்.

தவணை முடிய இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. இரண்டு வாரம் கூட்டித் தரும்படி கிராணியார் மலாயில் மனு எழுதுகிறார். அதே உறையில் இரண்டாவது கடிதமும் போகிறது: பட்டறைக் கால்வாயின் நான்கு படங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் எடுத்த தேதியும் நேரமும். கடிதம் பெற்றுக்கொண்டதற்கு அலுவலக முத்திரையோடு நகல் வாங்கி வரும்படி அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பதில் வந்ததும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.