சிவப்பைத் துணிந்து அடிப்போம்



கேரம் என்றால் விடுமுறை நாளில் வீட்டுக்குள் பொழுது போக்கும் விளையாட்டு என்றே பலரும் எண்ணுகின்றனர். அது துணிவைக் கற்றுத் தரும் விளையாட்டு என்பது எங்கள் கருத்து.

ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவே ஒரே ஒரு சிவப்பு. அந்தச் சிவப்புக்கு 3 புள்ளிகள். ஆனால் அதைப் போட்ட கையோடு தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். இந்த 'ஃபாலோ' தவறினால் சிவப்பு மீண்டும் நடுவுக்கே போய்விடும்.

சென்ற ஆண்டு சிதம்பரத்தில் நடந்த போட்டிக்குக் கடலூரிலிருந்து பஸ் ஏறிச் சென்றோம். கடைசி ஆட்டத்தில் எங்கள் தோழிக்கு இரண்டு வெள்ளைகளே மிச்சம். இரண்டும் எளிதில் விழும் இடத்தில் இல்லை. ஒரு காயை மெல்லத் தட்டி நல்ல இடத்துக்கு நகர்த்திவிட்டுக் காத்திருக்கலாம். அவளோ சிவப்பைக் குறி வைத்தாள். சிவப்பு விழுந்தது! கைதட்டினோம். அடுத்த அடியில் வெள்ளை குழியின் விளிம்பில் மோதி நின்றுவிட்டது. ஆட்டமும் கை நழுவிப் போயிற்று.

திரும்பும் வழியில் புதுச்சத்திரம் வரை யாரும் பேசவில்லை. "பெண்பிள்ளைக்கு ஏன் இத்தனை துணிச்சல்? நிதானமாக ஆடியிருக்கலாமே!" என்று பின்னர் சிலர் கூறினர். இதை நாங்கள் ஏற்கவில்லை. அவளுடைய துணிவில் குறையில்லை. ஃபாலோவுக்கு வேண்டிய பயிற்சிதான் போதவில்லை. எப்படிப் போதும்? பள்ளியில் இருப்பது ஒரே பலகை. வீட்டில் பலகை அண்ணன் கையில். தெருமுனையில் விளக்கடியில் நடக்கும் ஆட்டத்தையோ நாங்கள் கடந்து போகத்தான் முடியும்.

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991லும் 1995லும் உலகச் சாம்பியன் ஆனவர். அர்ஜுனா விருதும் பெற்றவர். வியாசர்பாடியில் வளர்ந்த இளவழகி 2008இல் பிரான்ஸ் நாட்டில் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். முதல் அடி அடிப்பவர் எதிராளிக்கு இடமே கொடாமல் ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் போட்டு முடிப்பதை 'ஒயிட் ஸ்லாம்' என்பர். பார்ப்பவருக்கு அது மின்னல்போலத் தோன்றும். ஆடுபவருக்கோ அது ஆயிரம் மாலைப் பொழுதுகளில் பழகிய பழக்கம். பயிற்சி இருந்தால்தான் கை நடுங்காது. கை நடுங்காதபோதே துணிவும் பலன் தரும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இரண்டு. மதிய இடைவேளையில் ஆட இன்னும் இரண்டு பலகைகள் வேண்டும். வீட்டில் அண்ணன் தம்பியோடு எங்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.

வரும் ஆண்டு சிதம்பரத்துக்கு அதே தோழியே செல்லட்டும். அன்றும் அவள் சிவப்பையே அடிக்கட்டும். இறைவன் அருளால் இம்முறை ஃபாலோவும் விழும் என நம்புகிறோம்.