கனவான்களின் 'காசு வாங்காத' ஆட்டம்

படித்த பள்ளியின் பெயரால் பழைய மாணவர்கள் கூடி ஒரு விளையாட்டுச் சங்கம் வைத்துக்கொண்டால் அதில் தப்பென்ன? ஒரு தப்பும் இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் வாரக் கடைசியில் சேர்ந்து பந்து உதைத்தால் நமக்கு ஏன் வயிறு எரிய வேண்டும்? ஆனால் இங்கிலாந்தின் பழைய மாணவர் சங்கங்களைச் சுற்றி ஒரு புராணம் புனைந்து வைத்திருக்கிறார்கள். 'அவர்கள் காசுக்காக ஆடவில்லை, ஆட்டத்தின் மீதிருந்த ஆசைக்காக ஆடிய உத்தமர்கள். தொழிலாளி வந்தான், கூலி கேட்டான், ஆட்டம் கெட்டது' என்பதே அந்தப் புராணம். இதை நாம் மறுக்கிறோம்.

யார் இந்த உத்தமர்கள்? ஈட்டன், ஹாரோ, சார்ட்டர்ஹவுஸ் போன்ற பள்ளிகளில் படித்தவர்கள். அவற்றுக்குப் பெயர் 'பப்ளிக் ஸ்கூல்'! பொதுஜனத்தின் பிள்ளை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. பிரபுக்கள், வங்கிக்காரர்கள், பெரிய வக்கீல்கள் இவர்களுடைய பிள்ளைகளுக்கான இடம் அது. 1871-ல் எப்.ஏ. கோப்பைப் போட்டி தொடங்கியது. முதல் பதினோரு முறையும் கோப்பை தென்பகுதிக் கனவான்களின் கையிலேயே இருந்தது. ஈட்டன் பழைய மாணவர் சங்கம் 1879-லும் 1882-லும், சார்ட்டர்ஹவுஸ் பழைய மாணவர் சங்கம் 1881-லும் அதைத் தட்டிச் சென்றன.

1879-ல் ஈட்டன்காரர்கள் கோப்பையை எப்படி வென்றார்கள் என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கால் இறுதியில் அவர்களை எதிர்த்து நின்றது டார்வென் என்ற லங்காஷயர் பஞ்சாலை ஊரின் அணி. லண்டன் ஓவல் மைதானத்தில் ஆட்டம். 5-1 என்று பின்தங்கிக் கிடந்த ஆலைத் தொழிலாளர்கள் கடைசிக் கட்டத்தில் நாலு கோல் போட்டு 5-5 ஆக்கிவிட்டார்கள்! கூடுதல் நேரம் ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கனவான்கள் மறுத்துவிட்டார்கள். மறு ஆட்டமும் லண்டனில்தான். ஊரில் தொழிலாளர்கள் வசூல் செய்து அனுப்பினார்கள். அதுவும் 2-2. மூன்றாவது ஆட்டம்? அதுவும் லண்டனில்தான்! மூன்றாம் முறை ரயிலேறி வந்தவர்களை 6-2 என்று தோற்கடித்தார்கள்.

இதிலே காசு எங்கே வந்தது என்று கேட்பார்கள். வேலையை விட்டு லண்டன் போகும் ஒவ்வொரு நாளும் தொழிலாளிக்குச் சம்பளம் போயிற்று. வங்கி முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு என்ன போயிற்று? பணம் வாங்காமல் ஆடுவது அவருக்குத் தியாகமும் அல்ல, ஒழுக்கமும் அல்ல, வெறும் வசதி. அந்த வசதியைச் சட்டமாக்கி, 'கூலி இழப்புக்கு ஈடு வாங்குகிறவன் ஆட்டக்காரனே அல்ல' என்று எழுதி வைத்தார்களே, அங்கேதான் சூது இருக்கிறது.

ஆனால் டார்வென் தொடங்கியதைப் பக்கத்து ஊர் முடித்தது. 1883 மார்ச் 31. அதே ஓவல் மைதானம், இறுதி ஆட்டம். எதிரே பிளாக்பர்ன் ஒலிம்பிக்: நெசவாளிகள், நூற்பாளி, குழாய் வேலைக்காரர், இரும்புப் பட்டறைத் தொழிலாளி. ஓர் இரும்பு ஆலை அதிபர் கொடுத்த பணத்தில் பிளாக்பூல் கடற்கரையில் முன்கூட்டியே பயிற்சி செய்து வந்தார்கள். (முதலாளி எதற்குக் கொடுத்தார் என்பது வேறு கதை.) கூடுதல் நேரத்தில் 2-1! வெற்றிக் கோலைப் போட்டவர் நூற்பாலைத் தொழிலாளி. அதற்குப் பிறகு எந்தப் பழைய மாணவர் சங்கமும் அந்தக் கோப்பையை வென்றதில்லை.

தோற்றபின் உத்தமர்கள் என்ன செய்தார்கள்? 1885-ல் சம்பள ஆட்டம் சட்டப்படி ஏற்கப்பட்டது. 1907-ல், சம்பள அணிகளோடு ஒரே அமைப்பில் இருக்கமாட்டோம் என்று பழைய மாணவர் சங்கங்கள் பல பிரிந்துபோய்த் தனிச் சங்கம் கண்டன. 1914-ல் திரும்பி வந்தன. இதற்கிடையே, 1883 இறுதி ஆட்டத்தில் காயம்பட்ட ஈட்டன்காரர் ஆர்தர் டன் பெயரால், 'பப்ளிக் ஸ்கூல்' பழைய மாணவர்களுக்கு மட்டுமென்று ஒரு கோப்பையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். அது இன்றும் நடக்கிறது. நடக்கட்டும்!

ரக்பியில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1893-ல், வேலையிழந்த நேரத்துக்கு மட்டும் ஈடு கொடுக்கலாம் என்று யார்க்ஷயர் கேட்டது. சம்பளம் அல்ல, பறிபோன கூலி! 282-க்கு 136 என்று தோற்கடித்தார்கள். 1895 ஆகஸ்டில் வடபகுதிச் சங்கங்கள் ஹடர்ஸ்பீல்டில் கூடித் தனியே பிரிந்தன. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் ஈட்டுத்தொகை என்று வைத்தன. ஆறு ஷில்லிங்! இதற்காக அந்த ஆட்டக்காரர்களைத் தீண்டத்தகாதவர்களாக நடத்தினார்கள். ரக்பி யூனியன் காசைத் தொட்டது 1995-ல். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து. ஒளிபரப்புப் பணம் கோடிக்கணக்கில் வாசலில் வந்து நின்றபோது 'ஆட்டம் கெட்டுவிடும்' என்ற கூச்சல் எங்கே போயிற்று?

'ஓல்ட்' என்று பெயர் வைத்த ரக்பிச் சங்கங்கள் பல இன்று வெளியாரையும் சேர்த்துக்கொள்கின்றன. நல்லதுதான். மனம் திருந்தியா? பழைய மாணவர்களைக் கொண்டே பதினைந்து பேரை நிறுத்த முடியாமல்தான்! ஆனால் பள்ளிக்கூட வேலி அப்படியே நிற்கிறது. பிரிட்டனில் கட்டணப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஏழு பேர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்குப் பதக்கம் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள். 1980-களிலும் 1990-களிலும் சர்க்கார் பள்ளிகளின் மைதானங்களை வீட்டுமனைகளாக விற்றுத் தள்ளினார்கள். ஈட்டனின் மைதானங்களில் இன்றும் புல் வெட்டி, கோடு போட்டு, பந்து உருள்கிறது.