பிடிவாதமா, புலனின் வருத்தமா?

பாடசாலை மணி ஒலித்ததும் இரு செவிகளையும் பொத்திக்கொண்டு மேசையின் கீழ் ஒடுங்கும் பிள்ளைகள் சிலர் உளர். கஞ்சியிட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டி தோலிற் படுவதைப் பொறாது அழுவர். சோற்றைக் கறியோடு கையாற் பிசையச் சொன்னாற் குமட்டுவர். நகம் வெட்டும் நாள் வீட்டிற் போர்நாளாகும். வேறு சிலர் இதற்கு நேர்மாறானவர். எத்துணை நேரம் ஊஞ்சலாடினாலும் அவர்க்குப் போதாது; சுவரிலும் உடன் கற்போரிலும் மோதித் திரிவர்; பென்சில் முனை ஒடியுமளவும் அழுத்தி எழுதுவர். இவ்விரு திறத்தாரையும் பிடிவாதக்காரர், குழப்படிகாரர் என்னும் இரண்டு சொற்களால் நாம் இதுகாறும் முடித்துவந்தோம்.

இப்பொழுது மூன்றாவதாக ஒரு பெயர் வந்திருக்கிறது. புலன்கள் தரும் செய்திகளை மூளை வகுத்துத் தொகுத்துக்கொள்வதில் நேரும் இடர்ப்பாடு என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். கைத்தொலைபேசியில் வாசித்தும் அயலார் சொல்லக் கேட்டும், பிள்ளையை வைத்தியரிடம் காட்டி அப்பெயரைப் பெறுவதா, வளர வளரச் சரியாகும் என்று பொறுத்திருப்பதா எனத் தடுமாறும் பெற்றோர் இன்று பலராவர். ஆசிரியரிடம் வந்து வினாவுவாரும் உளர். அவர்க்குக் கூறத்தக்கது யாது?

இக்கருத்துக்கு வித்திட்டவர், அமெரிக்காவிலே கலிபோர்ணியாவிற் பணியாற்றிய ஜீன் எயர்ஸ் என்னும் அம்மையார். தொழில்வழிச் சிகிச்சைத் துறையினர். கற்றலில் இடர்ப்படும் பிள்ளைகளை ஆராய்ந்து 1972இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். கண்ணுக்கும் செவிக்கும் முன்பாக, தொடுகையையும், உட்செவியில் அமைந்த சமநிலைப் புலனையும், தசையும் மூட்டும் உணர்த்தும் உடல்நிலை உணர்வையும் அவர் அடிப்படையாகக் கொண்டார். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவுவகையாற் பகுத்தபோது உற்றறிதலையே முதலில் வைத்தமை தமிழ் கற்றார்க்கு நினைவு வரும். அதுகொண்டு, அம்மையார் கண்டதனைத்தும் நம் முன்னோர் கண்டதே என மார்தட்டுவார் உளராயின், அவரோடு நமக்கு உடன்பாடில்லை. இலக்கணம் வேறு, வைத்தியம் வேறு.

நூல் வெளிவந்து ஐம்பது ஆண்டு கடந்தும் அக்கருத்து வைத்தியருலகின் முழு இசைவைப் பெற்றிலது. இதனைத் தனியொரு நோய்ப்பெயராக வழங்குதல் தகாது என அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2012இல் தன் உறுப்பினர்க்கு அறிவுறுத்திற்று. மறு ஆண்டு வெளிவந்த அமெரிக்க உளவைத்தியர் சங்கத்தின் நோய்வகைக் கையேட்டு ஐந்தாம் பதிப்பிலும் அதற்குத் தனியிடம் இல்லை. ஆயின் அதே கையேடு, ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தலை ஓட்டிசத்தின் குறிகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். கையேட்டிற் பெயர் இல்லை என்பதனாற் பிள்ளை நடிக்கிறது என்பது பெறப்படாது. புலனிடர்ப்பாடு என்ற சிறு பெயரோடு மனநிறைவு கொண்டு நின்றுவிட்டால், அதன் பின்னால் உள்ள ஓட்டிசமோ, கவனக்குறைவோ, அச்சநோயோ, செவிக்குறையோ காணப்படாது போதலும் கூடும்.

ஆதலின் பரிசோதனையை நாடுக, பெயரை நாடற்க என்பதே நம் கருத்து. கழுத்துப்பட்டியை வெறுக்கும் பிள்ளையை எல்லாம் வைத்தியசாலைக்குக் கொண்டோட வேண்டுவதில்லை. வளர்ந்தவருள்ளும் அதனை விரும்புவார் எவர்? வெறுப்பானது உறக்கத்தையும் உணவையும் படிப்பையும் விளையாட்டையும் தடுக்குமாயின் தாமதம் கூடாது. பேச்சுப் பிந்தினாலும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராவிட்டாலும், முன் பேசிய சொற்களை இழந்தாலும், தவணை பார்த்துக் காத்திருத்தல் தவறு. செவியையும் கண்ணையும் முதலிற் சோதிப்பித்து, குழந்தை வைத்தியரிடம் காட்டி, அவர் வழியாகத் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் செல்லுதல் முறை.

முத்திரை குத்திவிடுவார்களே என்னும் அச்சம் ஒன்றுண்டு. தங்கைக்குக் கலியாணம் பேசும் நாளில் இது வந்து குறுக்கே நிற்குமே என்று பேர்த்தியார் முணுமுணுப்பார். நம் சமுதாயத்தை அறிந்தவர் எவரும் இதனை வீண் அச்சம் என்று தள்ளார். ஆனால் ஒன்று: அப்பிள்ளைக்கு முத்திரை ஏற்கெனவே குத்தியாயிற்று. குழப்படிகாரன் என்ற பெயரோடு அடியும் வாங்குகிறான். உடற்றண்டனையை விலக்கிக் கல்வி அமைச்சு 2005இற் சுற்றுநிருபம் அனுப்பிய பின்னும், பிரம்பு ஓய்ந்தபாடில்லை.

அச்சத்திற்கு மறுபுறத்தில் ஆசை இருக்கிறது. பாரம் வைத்துத் தைத்த மேலங்கி, உடலைத் தேய்க்கும் தூரிகை என்று பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் பயனுக்குச் சான்று மெலிது. சிகிச்சையைப் பரந்த திட்டத்தின் ஒரு பகுதியாகக் கொள்ளலாம் என்றும், ஆராய்ச்சி போதாமையைப் பெற்றோர்க்குச் சொல்லிவிட வேண்டும் என்றும் மேற்சொன்ன கழகமே கூறியது. ஆகவே சிகிச்சை தொடங்குமுன் இலக்கைக் கேட்டறிக: இரண்டு மாதத்தில் வீட்டாரோடிருந்து உண்பானா, சப்பாத்து அணிவானா என்று. மாற்றம் தோன்றாவிடின் நிறுத்துவதற்கு நாணவேண்டியதில்லை.

ஆசிரியர்க்கோ எந்த வைத்தியரின் சான்றிதழும் வேண்டியதில்லை. மணிக்கு அண்மையில் இருப்பவனை அப்பால் இருத்தலாம். நவராத்திரிக்குத் தவில் முழங்கப் போகிறது என்று முன்கூட்டிச் சொல்லலாம். கழுத்துப் பொத்தானை அவிழ்த்துவிட அனுமதிக்கலாம். ஓரிடத்தில் இருக்கமாட்டாதவனிடம் கொப்பிக் கட்டை ஒப்படைத்து அதிபரின் அறைக்கு அனுப்பலாம். இவற்றாற் பாடசாலைக்கு ஒரு சதமும் செலவில்லை.

வைத்தியசாலைக்குச் செல்லும் பெற்றோர், போவதற்கு முன் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியிற் குறித்து வருக. எந்த ஒலி, எந்தத் துணி, எந்த உணவு, எந்த வேளை, அழுகை எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் அடங்கியது என்பனவற்றை எழுதுக. கூட்டம் மிகுந்த சிகிச்சை நிலையத்தில் வைத்தியர்க்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், தாயின் கண்ணீரினும் அக்கொப்பி மிகுதியாகப் பேசும். அதன் பிரதியொன்றை வகுப்பாசிரியரிடமும் கொடுக்க.