கரியாஹாட் நடைபாதைக் கணக்கு

துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களிலும், நம் பங்குனியில் வரும் 'சைத்ர சேல்' நாட்களிலும் கொல்கத்தாவின் கரியாஹாட் சந்திப்பில் கால் வைக்க இடமிருக்காது. அப்போது பார்ப்பவர்கள், நடைபாதைக் கடைக்காரருக்கு நல்ல வரும்படி என்றுதான் சொல்வார்கள். ஆனால், அந்த இரண்டு பருவத்தில் கிடைப்பதைக் கொண்டுதான் மழைமாதங்களையும் ஓட்ட வேண்டும். வாடகையும் மருந்துச் செலவும் பருவம் பார்த்து வருவதில்லை.

உதவி இல்லை என்று சொல்ல முடியாது. ரேஷன் அரிசி இலவசம். மாநில அரசின் 'லட்சுமிர் பண்டார்' திட்டத்தில் பொதுப்பிரிவுப் பெண்களுக்கு 2021-இல் மாதம் 500 ரூபாய்; 2024-இல் அது 1,000 ஆனது. இதனால் அடுப்பு எரியும். ஆனால், பூஜைச் சரக்கு எடுக்க முதல் வேண்டுமே! மத்திய அரசின் 'ஸ்வநிதி' திட்டம் 2020-இல் முதல் தவணையாக 10,000 ரூபாய் கடன் தந்தது. அதற்கும் விற்பனைச் சான்றிதழோ நகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ தேவைப்பட்டது. எந்தக் காகிதமும் இல்லாதவருக்கு வட்டிக்காரர்தான் வங்கி.

இந்தக் காகிதத்தின் கதை பழையது. 1996 நவம்பர் 24 இரவு, 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் இடதுசாரி அரசு கரியாஹாட் கடைகளை இடித்துத் தள்ளியது. கிழக்கு வங்க அகதிகளின் வாக்கில் வளர்ந்த கட்சி, அவர்களில் பலர் பிழைத்த தொழிலின் மீதே கைவைத்தது. அதை எதிர்த்து வியாபாரிகளின் 'ஹாக்கர் சங்கிராம் கமிட்டி' எழுந்தது; கடைகளும் திரும்பி வந்தன. 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. பத்தாண்டு கழித்து, 2024 ஜூனில் மறுபடி புல்டோசர். எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு மாத அவகாசம், அதன்பின் கணக்கெடுப்பு என்றார் முதல்வர் மம்தா பானர்ஜி. வரிசையே தலைகீழ்.

பாதசாரியின் புகாரும் நியாயமானதுதான். 2019 ஜனவரியில் இங்கு நடந்த தீ விபத்துக்குப் பிறகு பிளாஸ்டிக் கூரைகளை அகற்றச் சொன்னதில் தவறில்லை. நடைபாதையில் மூன்றில் ஒரு பங்குதான் கடைக்கு என்ற விதியையும் ஏற்கலாம். ஆனால், இன்னாருக்கு இன்ன இடம் என்று எழுதித் தந்தால்தானே அளவை மீறியது யார் என்று தெரியும்?

கட்சிக்காரர்களும் போலீஸாரும் பணம் வாங்கிக்கொண்டு கடை போட விடுவதாக 2024-இல் முதல்வரே கடிந்துகொண்டார். சான்றிதழ் உள்ளவரிடம் அந்த வசூல் எளிதில் நடக்காது. சான்றிதழ் வழங்குவதில் ஏற்பட்ட தாமதத்துக்கு ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டுபவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.